நாற்பது ஜோடிச் செருப்பு

நல்லமங்கலத்தில் மணிக்கூண்டுச் சதுக்கம் திறந்த அன்று நாலாயிரம் பேர் வந்தார்கள். ஒருவர் தோள் ஒருவர்மேல் படவில்லை. நம் ஊரில் மூன்று பேர் பஸ்ஸுக்கு நின்றாலே ஒருவன் காலை இன்னொருவன் மிதித்துவிட்டு, மிதிபட்டவனையே முறைப்பதுதான் வழக்கம். அப்படிப்பட்ட ஊரில் நாலாயிரம் பேர் இடிபடாமல் வந்து, இடிபடாமல் கலைந்தார்கள் என்றால் அதிசயம்தான். மேடையில் பேசிய பெரிய மனிதரும் அதைத்தான் சொன்னார். "இனிமேல் இங்கே வண்டிக்கு இடமில்லை, காலுக்குத்தான் இடம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அத்தனை பேர் தட்டியும் சத்தம் ஏனோ திரளவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்து ஓய்ந்தது.

செண்பகவல்லி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்துநாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கேள்வியும் நின்றுபோனது. பெருமாள் கோயில் பின்தெருவில் ஒரு மாடி அறை, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவ்வளவுதான் அவள் குடித்தனம்.

சதுக்கம் வருவதற்கு முன் அந்த இடம் நாலு ரோடு கூடுகிற முக்கு. மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் முட்டிக்கொண்டு நிற்கும். முக்கின் கீழ்ப்பக்கத்தில் நாலு மாடி ஜவுளிக்கடை ஒன்று இருந்தது. அங்கே சேலைப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் நின்றவள் செண்பகவல்லி. 'வேலை பார்த்தவள்' என்று சொல்லாமல் 'நின்றவள்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் கடை அடைக்கும்வரை விற்கிற பெண்கள் உட்காரக் கூடாது. நடுவில், உட்காரலாம் என்று சட்டம் வந்தது. கடையில் ஸ்டூல்களும் வந்தன. அவற்றின்மேல் துணிக்கட்டுகளை அடுக்கிவைத்தார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாது. நின்றால் பேசுவார்கள், பேசினால் வியாபாரம் கெடும் என்பது முதலாளியின் சித்தாந்தம். தூணுக்கு ஒருத்தி. செண்பகவல்லியுடையது பதினோராவது தூண். மத்தியானச் சோற்றையும் குடோனில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனித்தனியாகத் தின்றுவிட்டுப் பத்து நிமிஷத்தில் வந்துவிட வேண்டும். ஆரம்பத்தில் அவளுக்கு அழுகை வந்தது. பிறகு பழகிவிட்டது.

திறப்பு விழாவில் பேச்சு நீண்டுகொண்டே போக, அவளுக்குக் கால் கடுத்தது. பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றினாள். அப்போது அவளுக்குப் பக்கத்தில் தரையில் பதித்திருந்த கல் ஒன்று சத்தமில்லாமல் எழும்பி, முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது. வேறு யாருக்காவது இருக்கும் என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் வரவில்லை. உட்கார்ந்தாள். முதலாளியின் கடை இருந்த அதே மண்ணில், ஊரறிய, பட்டப்பகலில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பு வந்ததும் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கல்லுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். அது வேறு கதை. இல்லை, அதுதான் கதை.

சதுக்கத்துக்காகக் கடையை இடித்து மூன்று மாதம் கழித்து, லேபர் கான்ட்ராக்டர் சடகோபன் அவள் அறையைத் தேடி வந்தான்.

"அக்கா, நடக்கிற வேலை ஒண்ணு இருக்கு. வாரீகளா?"

"எங்கிட்டு நடக்கணும்?"

"எங்கிட்டும் போக வேண்டாம். அதே முக்குக்குள்ளதான். தகரம் அடிச்சு மறைச்சு, உள்ள புதுத் தரை போட்டிருக்காக. நம்ம ஊரு ஆளுக எப்பிடி நடப்பாக, எங்க நிப்பாக, எங்க உக்காருவாகன்னு அந்தத் தரைக்குக் கத்துக் குடுக்கணுமாம்."

"தரைக்கா?"

"தரைக்குத்தான். காலம் அப்பிடி ஆகிப்போச்சு."

தரை சாதாரணத் தரை இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் தன்மேல் விழுகிற கால் தெரியும். யார் களைத்திருக்கிறார், யார் அவசரத்தில் இருக்கிறார் என்று அந்தக் கால் விழுகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடும். களைத்தவருக்கு இருக்கையாக எழும்பும். நெரிசல் வரும்போல் இருந்தால் மயிரிழை அளவு சாய்ந்துகொடுக்கும். நடப்பவருக்கே தெரியாமல் கால் அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஆனால் எந்த ஊர்த் தரையானாலும் அந்த ஊர்க்காரர்கள் நடந்துதான் அதற்குப் படிப்புச் சொல்ல வேண்டும். ஆணும் பெண்ணும் கிழமும் இளசுமாக நாற்பது பேர் இரண்டு மாதம் நடக்க வேண்டும் என்று ஒப்பந்தம். சடகோபன் அனுப்பியது ஒரே ஒருத்தியை. மீதி முப்பத்தொன்பது பேர் காகிதத்தில் மட்டும் நடந்தார்கள்.

"நாப்பது பேரை எவன் கட்டி மேய்க்கிறது? நீங்க அந்தக் கடையில நின்னு ஊரையே பாத்தவுக. ஆளுக்கு ஆள் மாத்தி நடந்துர மாட்டீகளா?" என்று சொல்லி ஒரு சாக்கைத் தரையில் கொட்டினான். நாற்பது ஜோடிச் செருப்பு.

தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் முடியும் என்றும் தெரியும். முடிகிற காரியத்தை ஒருவர் வாய்விட்டுக் கேட்டு அவளுக்கு நாளாகியிருந்தது.

சேலை எடுக்க வருகிறவர்களை இருபத்தெட்டு வருஷம் பார்த்தவள் அவள். ஏழு மாதக் கர்ப்பிணி காலை அகட்டிக் குதிகாலில் ஊன்றுவாள். கல்யாணப் பெண்ணின் அம்மா நாலடி வேகமாக வைத்து, ஓரடி நின்று, எதையோ மறந்ததாக நினைத்துத் திரும்புவாள். பணப்பைக்குக் காவலாக வந்த புருஷன் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பான். செண்பகவல்லி எல்லோருமாக நடந்தாள். கனத்த ஆளுக்கு இடுப்பில் ஐந்து கிலோ அரிசிப்பையைக் கட்டிக்கொண்டாள். தகரத்துக்குள் அவளைத் தவிர ஈ காக்கை கிடையாது. தரை சொல்வதைக் கேட்கிற பொறியாளர்கள் எங்கோ சென்னையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வந்தது காலடிகள் மட்டும்தான்.

அந்த நாற்பது பேருக்கும் அவள் பெயர் வைத்தாள். சாயங்காலம் செருப்பைத் துடைத்துச் சாக்கில் போடும்போது ஒவ்வொருவரிடமும் "போயிட்டு வாங்க" என்பாள். வெட்கமில்லாமல் சொல்வதானால், அவள் வாழ்க்கையில் அதிகம் பேரோடு பழகியது அந்த இரண்டு மாதத்தில்தான்.

சடகோபன் ஒரே ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தான். "ஒருத்தர் நடந்த தடத்துல இன்னொருத்தரை விட்டுறாதீக. ஒரே ஆளுன்னு மிசினு மோப்பம் பிடிச்சிரும். உக்காரையிலயும் தள்ளித் தள்ளி உக்காருங்க."

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நேற்றுக் கர்ப்பிணி போன பக்கம் இன்று கிழவரை விடவில்லை. ஒருநாள் மட்டும் சந்தேகம் வந்து கேட்டாள்: "ரெண்டு பேரு சேந்து நடக்கிறது எப்பிடிப்பா? அக்கா தங்கச்சி, கூட்டாளிக... அதுக்கு நான் ஒருத்தி என்ன செய்ய?"

"அதெல்லாம் மிசினே கூட்டிக்கிரும்" என்றான் சடகோபன். ஒன்றும் ஒன்றும் இரண்டுதானே என்று அவளுக்கும் பட்டது.

சதுக்கம் திறந்தபின் தினமும் நாலரை மணிக்கு அவள் அங்கே போனாள். பத்தடி தூரத்தில் வரும்போதே அவள் கல் எழும்பிவிடும். மழை பெய்த மறுநாள் வெதுவெதுப்பாக இருக்கும், சித்திரையில் குளிர்ந்திருக்கும். தன் காலடி கேட்டதும் அசைகிற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்குப் பெரிய விஷயம். போகிற வழியில் நடை தானாக வேகமாகிவிடும். ஒருநாள் காய்ச்சலில் படுத்தபோது, கல் நம்மைத் தேடுமோ என்றுகூட நினைத்தாள். தேடாது என்று தெரியாத முட்டாள் இல்லை அவள். ஆனாலும் நினைத்தாள்.

மற்றவர்களுக்கும் அப்படித்தான், ஆளுக்கொரு கல். ஊரே மெச்சியது. யாரும் யாரிடமும் "கொஞ்சம் நகருங்க" என்று கெஞ்ச வேண்டாம். நாமும் லேசுப்பட்டவர்களா என்ன? பக்கத்தில் இருப்பவன் வாயிலிருந்து தப்பிக்க வழி கிடைத்தால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறோம்? முன்பெல்லாம் டீக்கடை வாசலில் நாலு பேர் நின்று அரசியல் பேசிச் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் இப்போது ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு டம்ளரோடு உட்கார்ந்தார்கள். தை மாதம் பட்டிமன்றம் நடந்தது. பேச்சாளர் எவ்வளவோ நகைச்சுவை சொல்லிப் பார்த்தார். தனியாக உட்கார்ந்திருப்பவன் எதற்குச் சிரிப்பான்? நடுவர் பாதியிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அடுத்த மாதம் கச்சேரிக்கு ஆள் வரவில்லை. அதற்கடுத்த மாதம் கச்சேரியே வரவில்லை.

மணிக்கூண்டுக்கு அடியில் பூ விற்கிற இரண்டு பேர் இருந்தார்கள். வடிவும் அவள் நாத்தனார் வெள்ளைத்தாயும். முப்பது வருஷமாக ஒரே சாக்கின்மேல் உட்கார்ந்து பூக்கட்டி, ஒரே வாழைநாருக்குச் சண்டை போட்டுக்கொண்டவர்கள். அவர்களுக்கும் தரை இரண்டு கல் கொடுத்தது. ஒன்று தென்புறம், ஒன்று வடபுறம். நடுவில் இருபதடி.

ஒரு வெள்ளிக்கிழமை, வியாபாரம் சூடுபிடிக்கிற ஐந்து மணிக்கு, வெள்ளைத்தாய் தன் கல்லில் இருந்தபடியே மணிக்கூண்டுச் சுவரில் சாய்ந்துவிட்டாள். சதுக்கத்தில் அப்போது இருநூறு பேர் இருந்தார்கள். ஐந்தே முக்காலுக்குக் குப்பை எடுக்க வந்த துப்புரவுக்காரர்தான் தோளைத் தொட்டுப் பார்த்துக் கூச்சல் போட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அரைமணி முன்னால் வந்திருந்தால் பிழைக்கவைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். செண்பகவல்லி அங்கிருந்து பன்னிரண்டடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் எதுவும் தெரியவில்லை.

பதினாறு நாள் கழித்து வடிவு மறுபடி வியாபாரத்துக்கு வந்தாள். கல் எழும்பியது. வடிவு உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்து, முதுகு கொஞ்சம் கூனி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு. செண்பகவல்லி அதைப் பார்த்தாள். எங்கேயோ பார்த்த இருப்பு என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. குடோனில் சோறு தின்கிற இருப்பு. அவளுடைய இருப்பு. பயிற்சியின்போது நாற்பது பேருக்கும் நடையை மாற்றியவள், உட்காரும்போது மாற்ற மறந்திருந்தாள். உட்காருவதற்கு அவளுக்கு வேறு மாதிரி தெரியாது. கல்லும் அதையே படித்து, மேலே உட்காருகிறவரை அப்படியே ஒடுக்கி வைத்தது.

எழுந்து நின்று சதுக்கத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். டீக்கடை அரசியல்வாதி, காலேஜ் பெண், புதிதாகக் கல்யாணமான ஜோடி, எல்லோரும் ஆளுக்கொரு திசையில் முதுகைக் காட்டி, முழங்கையை ஒடுக்கி உட்கார்ந்திருந்தார்கள். பதினோராம் தூண் செண்பகவல்லி இருநூறு பேராக உட்கார்ந்திருந்தாள்.

மணிக்கூண்டின் மாடியில் ஒரு சின்ன அறை. சதுக்கத்தைப் பராமரிக்க அனுப்பியிருந்த நவநீதன் என்ற பொறியாளர் அங்கே இருந்தார். முப்பது முப்பத்தைந்து வயது, சென்னைக்காரர். கச்சேரிகள் நின்றதிலிருந்து மேலிடத்திலிருந்து தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். செண்பகவல்லி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பது ஜோடிச் செருப்பு, அரிசிப்பை, தடம் மாற்றி நடந்தது, எல்லாம். அவர் கோபப்படவில்லை. எதிரே இருந்த திரையில் அந்த இரண்டு மாதத்துக் காலடிகளைத் தேடி எடுத்தார்.

"நாலு மாசமா மண்டைய ஒடச்சிக்கிறேன்மா" என்றார். "இந்த ஊர் ஜனங்க மட்டும் ஏன் இப்படின்னு. நாப்பது பேர் ரெண்டு மாசம் நடந்திருக்காங்க, ஒருத்தர் இருந்த இடத்துக்கு இன்னொருத்தர் ஒரு தடவகூட போகலை. தரை என்ன நெனச்சிக்கும்? இந்த ஊர்ல ஆளுக்கு ஆள் ஆகாது, தள்ளித் தள்ளி வெச்சாதான் சந்தோஷமா இருப்பாங்கன்னு நெனச்சிருக்கு."

"அதுக்கப்பறம் ஊரே நடந்துச்சே தம்பி. அதைப் பாத்து மாத்திக்கிறக் கூடாதா?"

"அங்கதான் மாட்டிக்கிட்டோம். தரை தள்ளி விடுது, இவங்க தள்ளிப் போறாங்க. அதப் பாத்துட்டு, 'நான் படிச்சது சரிதான்'னு அது இன்னும் தள்ளி விடுது."

"அழிச்சிர முடியாதா?"

"முடியும். உங்க நடைய மொத்தமா எடுத்துட்டா, அடுத்த மாசமே ஜனங்களப் பாத்துப் புதுசாக் கத்துக்கும்." நவநீதன் கொஞ்சம் தயங்கினார். "ஆனா எடுத்தா மட்டும் போதாது. உங்க கால் அதுக்கு நாப்பது பேரோட கால். நாளைக்கு நீங்க ஒருத்தர் உள்ள வந்தா, நாப்பது பேர் வந்துட்டாங்கன்னு பழசுக்கே போயிடும். அதனால ஒண்ணு, நீங்க இந்தப் பக்கமே வரக் கூடாது. இல்ல, உங்க காலைக் கணக்குல எடுக்காதேன்னு தரைக்குச் சொல்லணும்."

"எடுக்கலைன்னா?"

"நீங்க நடந்தா யாரும் நடக்கலைன்னு எடுத்துக்கும்."

"ஒரு நாய் வந்து நின்னா அதுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும்."

"காக்கா வந்து உக்காந்தா?"

"...தெரியும்மா."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

நாலு நாள் யோசித்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், நாலு நாளும் அவள் ஊரைப் பற்றி யோசிக்கவில்லை. தன் கல்லைப் பற்றித்தான் யோசித்தாள். இந்த ஊர் எனக்கு என்ன செய்தது? இருபத்தெட்டு வருஷம் நிறுத்திவைத்தது. ஒரு கல்தான் உட்காரச் சொன்னது. அதையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா? நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியும்? நவநீதன் நல்ல மனுஷர். 'உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன்' என்று வேறு சொல்லிவிட்டார். அதுதான் பெரிய கட்டாயமாக இருந்தது. ஐந்தாம் நாள் வடிவு பூக்கட்டுவதைப் பார்த்தாள். கட்டிக்கொண்டே இருந்தவள், நாருக்காக வலதுபக்கம் கையை நீட்டினாள். அங்கே யாரும் இல்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

செண்பகவல்லி மாடிப்படி ஏறினாள்.

"எடுத்திருங்க தம்பி. ஆனா நான் வராம இருக்க மாட்டேன். வந்துட்டுப் போறேன். அது பாத்தாப் பாக்கட்டும், பாக்காட்டிப் போகட்டும்."

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு மாத்தறேம்மா."

நாலரைக்கு அவள் போனாள். கல் வழக்கம்போல் எழும்பியது. உட்கார்ந்து அதன் விளிம்பைக் கையால் தடவிக்கொடுத்தாள். மணிக்கூண்டு ஐந்து அடித்தது. அவள் உட்கார்ந்திருக்கும்போதே கல் இறங்கத் தொடங்கியது. அதன்மேல் இப்போது யாரும் இல்லையே, பிறகு எதற்கு அது நிற்க வேண்டும்? அவசரமில்லாமல், அலுங்காமல் இறங்கித் தரையோடு தரையானது. முழங்காலைக் கட்டிக்கொண்டு வெறுந்தரையில் உட்கார்ந்திருந்த அவளை வழியில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் அழுதாள். இந்தமுறை முந்தானையைத் தேடவில்லை.

நவநீதன் எழுதிய அறிக்கையில் அவள் பெயர் இல்லை. சடகோபன் பெயர் இருந்தது. சடகோபனுக்கு அடுத்த ஊர்ச் சதுக்கத்துக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தம் கிடைத்தது.

தரை சீக்கிரமே புதுப்பாடம் படித்தது. முதல் வாரம் ஜனங்கள் தடுமாறினார்கள். சாய்த்துவிட ஆள் இல்லாமல் ஒருவர்மேல் ஒருவர் போய் மோதினார்கள். இரண்டாம் வாரம் டீக்கடை வாசலில் ஒருவன் இன்னொருவன் சட்டையைப் பிடித்தான். பார்த்தவர்களுக்கு மனசு நிறைந்தது. தனிக் கற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீளப் பெஞ்சுகளாக எழும்பின. இன்னும் ஒருவர் வந்தால் ஒரு முழம் நீளும். ஒருவர் எழுந்தால் ஒரு முழம் குறையும். செண்பகவல்லி தினமும் போனாள், நின்றாள், வந்தாள். நிற்பது அவளுக்குப் புதிதா என்ன?

ஆனி மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் மெல்லிசைக் கச்சேரி. நிற்க இடமில்லாத கூட்டம். கடைசி வரிசைப் பெஞ்சு ஒன்றில் ஓரமாக வடிவு மடியில் பூவோடு உட்கார்ந்து கட்டிக்கொண்டே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெஞ்சில் ஐந்து பேர். செண்பகவல்லி அவள்முன் போய் நின்றாள். நாற்பது நாளாகத் தொண்டையில் இருந்ததை அதற்குமேல் வைத்திருக்க அவளால் முடியவில்லை.

"வடிவக்கா, ஒரு விசயம் சொல்லணும்."

"அட, ஜவுளிக்கடைப் பிள்ளை. என்னத்தா?"

பாட்டுக்கு நடுவே, குனிந்து, காதோடு எல்லாவற்றையும் சொன்னாள். தான் நடந்ததால்தான் கற்கள் அவர்களைப் பிரித்தன என்றும், அதனால்தான் வெள்ளைத்தாய் சாய்ந்தது யார் கண்ணிலும் படவில்லை என்றும் சொன்னாள். வடிவின் விரல்கள் நிற்கவில்லை. ஒரு முழம் கட்டி முடித்தபின்தான் நிமிர்ந்தாள்.

"நீ நடந்த. சரி. போயி உக்காருன்னு எங் கழுத்தப் பிடிச்சு அமுக்குனது நீயா?"

வடிவு அடுத்த முழத்துக்குப் பூவை எடுத்து அடுக்கினாள்.

"மொத நாளு அந்தக் கல்லு தனியா எந்திரிச்சதும் எனக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா? அப்பாடா, இவ வாயிலருந்து தப்பிச்சோம்னு ஓடிப்போயி உக்காந்தேன். வெள்ளத்தாயி 'மதினி, மதினி'ன்னு கூப்பிட்டா. காதுல விழாத மாதிரி இருந்துக்கிட்டேன். மறுநாளும் கூப்பிட்டா. மறுநாளும் அப்பிடியே இருந்தேன்." வடிவு நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கடைசி நாளும் கூப்பிட்டாளோ என்னமோ. கேக்காம இருந்தே பழகிப்போச்சு எனக்கு."

மேடையில் பாட்டு மாறியது. பெஞ்சுக்குப் பின்னால் நின்றவர்களிடமிருந்து ஒரு குரல் வந்தது: "யம்மா, நடுவுல நின்னா எப்பிடி? மறைக்குதுல்ல?"

"உக்காரு" என்றாள் வடிவு.

"எனக்கு நீளாதுக்கா."

"எது?"

"பெஞ்சு. என்னைய அதுக்குத் தெரியாது."

வடிவு பெஞ்சின் நுனியைப் பார்த்தாள். அது அசையவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு திரும்பி, பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். "ஏய், தள்ளு. தள்ளுங்கிறேன்ல. அங்கிட்டு எம்புட்டு எடம் கெடக்கு!" அவள் அடுத்தவரை இடித்தாள். அந்தக் கடைசியில் இருந்த பெரியவர், "நான் எங்க போயி விழ?" என்று முனகியபடி ஒரு காலை வெளியே ஊன்றிக்கொண்டார். ஒரு சாண் இடம் கிடைத்தது.

செண்பகவல்லி அதில் உட்கார்ந்தாள். பாதிதான் உட்கார முடிந்தது. வடிவின் தோளும் இடுப்பும் அவள்மேல் முழுப் பாரமாகச் சாய்ந்திருந்தன. வேர்வை வாடையும் மல்லிகை வாடையும் வந்தன. முழங்கையை எங்கே வைப்பது, மூச்சை எப்படி விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் உடம்பு ஒடுங்கி விலகப் பார்த்தது.

"ஒட்டி உக்காரு. விழுந்து வைக்கப் போற" என்று வடிவு நாரின் ஒரு நுனியை அவள் கையில் கொடுத்து, "இத இழுத்துப் பிடி" என்றாள்.

செண்பகவல்லி பிடித்துக்கொண்டாள். நாலாம் பாட்டிலேயே இடது கால் மரத்துப்போனது. கச்சேரி முடியும்வரை அவள் அதை அசைக்கவில்லை.